எழுபது நாள் வாய்க்கட்டு

இப்போது கிரீச்சில் பிள்ளைகளுக்குக் கையால் ஊட்டக் கூடாதாம். பிள்ளைக்கு ஒரு ஸ்பூன், ஊட்டுகிறவளுக்குக் கையுறை. போன மாதம் புது ஆயாக்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னார்கள். சுத்தம் நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒருத்தி சிரித்துக்கொண்டே, "முப்பத்தோரு வருசம் வெறுங்கையால ஊட்டுனீகளாமேக்கா, ஒரு புள்ளைக்கும் ஒண்ணும் ஆகலையா?" என்று கேட்டாள்.

கையால் ஊட்டி எந்தப் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு பிள்ளைக்கு என் புத்தியால் ஆனது. அதை எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். நீங்களும் மெதுவாகவே வாசியுங்கள்.

என் பெயர் பேச்சியம்மாள். மூணாறு பக்கம் மாட்டுப்பட்டிக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஆயாவாக இருந்தேன். காலையில் பிரட்டு மணி அடித்ததும் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டுப் பெண்கள் மலைக்குக் கொழுந்து கிள்ளப் போவார்கள். போகும்போது பிள்ளைகளைக் கிரீச்சில் என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். முதல் நாலு வருஷம் துணி துவைத்தேன், தொட்டில் ஆட்டினேன். ஐந்தாம் வருஷம் ஊட்டுகிற வேலை என் கைக்கு வந்தது. அதற்குப் பிறகு நான் இருக்கும் வரை வேறு கை அந்தச் சட்டியில் படவில்லை.

ஊட்டுவது சும்மா இல்லை. பன்னிரண்டு மணிக்குச் சோற்றையும் பருப்பையும் ஒன்றாகப் போட்டு, சூடு உள்ளங்கைக்குப் பொறுக்கிற பதத்தில் பிசைய வேண்டும். பிள்ளைகள் பிறை மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். இடது ஓரத்தில் தொடங்கி ஆளுக்கு ஓர் உருண்டை கொடுத்துக்கொண்டு வலது ஓரம் போய்ச் சேருவேன். சேர்வதற்குள் முதல் பிள்ளை விழுங்கியிருக்கும். திரும்பி வருவேன். பிள்ளைக்குப் பிள்ளை உருண்டை வேறு. பெரிய வாய்க்கு எலுமிச்சை அளவு, பல் முளைக்கிற வாய்க்குக் கொட்டைப்பாக்கு அளவு. நான் பார்த்துப் பிடிப்பதில்லை. கை தானாகப் பிடிக்கும். பிடித்து வைத்த உருண்டையைக் காட்டினால் அது எந்தப் பிள்ளைக்கு என்று சொல்லிவிடுவேன். இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

கார்த்திகா என்று ஒரு பிள்ளை. நாலு வயது. அம்மா ஜெயா கொழுந்து எடுப்பவள், அப்பா ஃபாக்டரியில் வேலை. எலுமிச்சை அளவு உருண்டை வாங்கிய வாய் அவளுடையது. தின்று முடித்தால் பேச்சு, பேச்சு முடிந்தால் பாட்டு. மற்றப் பிள்ளைகளைத் தூங்க விடமாட்டாள். புரட்டாசியில் ஒரு மத்தியானம் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏட்டி, வாய மூடுதியா, இல்ல கட்டிப் போடட்டுமா?" என்று கத்திவிட்டேன்.

எல்லாத் தாயும் சொல்கிற வார்த்தைதான். ஆனால் நான் சொல்லக் கூடாத வார்த்தை. கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த இன்னொரு ஆயா ராசாத்தி விளக்குமாற்றை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

ஏன் என்றால், என் வீட்டுக்காரர் வாய்க்கட்டு கட்டுகிறவர். தேயிலையில் கவாத்து வெட்டுவதுதான் வேலை. ஆனால் நாங்கள் குடியிருக்கிற லயத்துக்குப் பின்னால் உருளைக்கிழங்கு, பீன்ஸ் போட்டவர்கள் காட்டுப்பன்றித் தொல்லை என்றால் அவரிடம்தான் வருவார்கள். திறந்த பூட்டு ஒன்றைக் கையில் வைத்துச் சில வார்த்தை சொல்லுவார். சொல்லி முடிக்கிறபோது பூட்டை அழுத்துவார். 'டக்' என்று விழும். அதைத் தோட்டத்து மூலையில் புதைத்துவிட்டால் பன்றி வரும், நிற்கும், வாய் வைக்காது. அறுவடை ஆனதும் பூட்டைத் தோண்டிச் சாவி போட்டுத் திறந்துவிட வேண்டும். அதில் மட்டும் அவர் தவறமாட்டார். "கட்டுனவன் அவுக்காமப் போயிட்டா, கட்டு பன்னியோட நிக்காது. வேற வாயத் தேடிப் போகும்" என்பார்.

அந்த வருஷம் ஆடியில், கவாத்து மலையில் காலை பத்து மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவர் அரைஞாணில் ஒரு சின்னச் சாவி இருந்தது. நான்தான் அவிழ்த்து மஞ்சள் டப்பாவில் போட்டேன். அந்தச் சாவிக்குரிய பூட்டு கிரீச்சுக்குப் பின்னால் உருளைக்கிழங்கு போட்ட இடத்தில் எங்கோ மண்ணுக்குள் கிடந்தது. கிழங்கை எடுத்துக்கொண்டு போனார்கள். பூட்டை யாரும் கேட்கவில்லை.

நான் கத்திய மறு வாரமே கார்த்திகாவின் உருண்டை சிறுத்தது. எலுமிச்சையைக் கொண்டுபோனால் வாய்க்குள் போகவில்லை. உதட்டில் இடித்துச் சோறு உதிர்ந்தது. "தொறடி" என்றால் திறந்தாள். ஆனால் நேராகத் திறக்கவில்லை. கீல் தளர்ந்த கதவு ஒரு பக்கமாக இழுக்குமே, அதுபோல் தாடை இடது பக்கம் போய் நின்றது. வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வலித்தால் பிள்ளை அழும், வியாதி என்று தெரியும். இது ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டு வந்தது.

ஐப்பசியில் அந்தச் சத்தம் வந்தது. சாப்பிட்டபின் இருபது பிள்ளைகளும் தூங்குகிற நேரம். மூடுபனி ஜன்னல் கம்பி வரைக்கும் வந்து நிற்கும். வெளியே தேயிலையும் தெரியாது, எதிர் லயமும் தெரியாது. அந்த அமைதியில் 'டக்' என்றது. பல்லி என்று நினைத்தேன். மறுபடி 'டக்.' பாயின் ஓரமாகக் குனிந்துகொண்டே போனேன். கார்த்திகா கண்ணை மூடிக் கொட்டாவி விட்டாள். காதுக்கு முன்னால், கன்னத்துக்கு உள்ளேயிருந்து பூட்டு விழுகிற சத்தம் கேட்டது.

ராசாத்தி என் முதுகுக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். "மதினி," என்று ரகசியமாகக் கேட்டாள், "அண்ணன் பொதச்ச பூட்ட எடுத்துட்டீகளா?"

"ஒன் சோலியப் பாரு" என்றேன். ஆனால் அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

பிள்ளைகள் தூங்குகிற நேரத்தில் களைக்கொத்தி எடுத்துக்கொண்டு பின்பக்கம் போவேன். நாலு மூலையில் எந்த மூலை என்று தெரியாது. பனிக்குள் என் கையே எனக்குச் சரியாகத் தெரியாது. மூன்று மத்தியானம் தோண்டினேன். மூன்றாம் நாள், கார்த்திகை முடிகிற சமயம், இரும்பில் இரும்பு பட்டது. துரு மூடி மண்கட்டி மாதிரி இருந்தது. தேங்காயெண்ணெய் விட்டு, மண்ணைத் தட்டிச் சாவியை நுழைத்தேன். முதலில் அசையவில்லை. இரண்டு கையாலும் திருகினேன். 'டக்.'

அந்த நிமிஷமே ஜன்னல் பக்கமிருந்து இன்னொரு 'டக்' கேட்டது.

திரும்பினேன். கார்த்திகா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எப்போது எழுந்தாளோ. என்னையும் என் கையிலிருந்த பூட்டையும் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்து கொட்டாவி விட்டு முடித்தாள். நான் தோண்டின குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன்.

நாலு மணிக்குப் பாலும் பன்னும் கொடுத்தோம். அன்று அவள் பன்னைப் பிய்க்காமல் கடித்தாள். மறுநாள் மத்தியானம் என் கை கொஞ்சம் பெரிய உருண்டையே பிடித்தது, அவளும் வாங்கிக்கொண்டாள். கட்டு அவிழ்ந்தது என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. மனசுக்குள் அவரைக் கும்பிட்டேன். என்னையும் கொஞ்சம் மெச்சிக்கொண்டேன்.

அப்படியே எழுபது நாள் இருந்தேன்.

இடையில் உருண்டை மறுபடி சிறுத்தது. அது என் கைக்குத் தெரியும். எனக்குத் தெரியக் கூடாது என்று நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு ஊட்டினேன். மாசியில் ஒரு நாள் பிள்ளைகளை வாய் கொப்பளிக்கக் குழாயடியில் வரிசையாக நிறுத்தியிருந்தேன். எல்லோரும் பக்கவாட்டில் நின்றார்கள். ஒன்றன்பின் ஒன்றாக மோவாய்கள். ஒரு பிள்ளைக்கு மோவாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. உதட்டுக்குக் கீழே முகம் உள்ளே போய்க் கழுத்தில் முடிந்தது. கார்த்திகா. தினமும் நேருக்கு நேராகப் பார்த்து ஊட்டியவள் நான். முகத்தின் ஓரத்தைப் பார்க்கவில்லை.

அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு நடந்தேன்.

அங்கே தலைமை நர்சாக இருந்த மேட்ரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலையாளத்துக்காரர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், எங்கள் கிரீச்சுக்கும் அவர்தான் மேலதிகாரி. வாரத்துக்கு ஒருமுறை வந்து என் நகத்தைப் பார்ப்பார். பிள்ளையைத் தொடுவதற்கு முன்னால் கையை ஸ்வெட்டருக்குள் விட்டுச் சூடாக்கிக்கொள்வார். ஒரு கேள்வி கேட்டால் பதில் வருகிற வரைக்கும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவசரப்படுத்தமாட்டார், விடவும்மாட்டார். 'ஐயோ' என்கிற சொல்லை அவர் வாயில் நான் கேட்டதே இல்லை.

கார்த்திகாவை மேசையில் உட்கார வைத்து வாயைத் திறக்கச் சொன்னார். தாடை இடது பக்கம் போவதைக் குனிந்து பார்த்தார். இரண்டு காதுக்கும் முன்னால் விரல் வைத்து, மறுபடி திறந்து மூடச் சொன்னார். பிறகு என் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார்.

"தொட்டு நோக்கு பேச்சி. எந்தா தோணுது?"

பிள்ளை வாயைத் திறந்தாள். என் விரலுக்குக் கீழே ஈர மணல் அரைபட்டது. கையை எடுத்துக்கொண்டேன்.

"பேடிக்கண்டா, பயம் வேண்டாம். பேய் இல்ல, எலும்பு" என்றார். என் முகத்தில் என்ன கண்டாரோ.

பிறகு வாயை விட்டுவிட்டு முழங்காலைப் பார்த்தார். எனக்குப் புரியவில்லை. இரண்டு முழங்காலிலும் கை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். "இது சூடு. இது கூடச் சூடு" என்றார். நடக்கச் சொன்னார். நன்றாகத்தான் நடந்தாள்.

"ராவிலே எப்படி நடக்கும்?" என்று கேட்டார். மலையாளத்தில் ராவிலே என்றால் காலை. காலையில் எழுந்ததும் எப்படி நடப்பாள் என்று கேட்கிறார். நான் அவளைப் பார்ப்பதே எட்டு மணிக்கு மேல்தான். தெரியாது என்றேன். மலையிலிருந்து ஜெயாவைக் கூட்டி வர ஆள் போனது. கொழுந்துக் கூடையோடு வந்து நின்றாள், என் பக்கம் பார்க்காமல்.

"காலைல வாயே தொறக்காதும்மா. கஞ்சியத்தான் ஊத்துவேன். காலும் மடக்க வராது, தூக்கிட்டுத்தான் கக்கூசுக்குப் போவேன். வெயில் ஏறுனா சரியாப் போயிரும்."

"எத்தர நாளா?"

"தீவாளிக்கு முன்னாடியே."

மேட்ரன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்லா இருக்கு. அம்ம ராவிலே மட்டும் காணும். ஆயா உச்சைக்கு மட்டும் காணும். நீங்க ரெண்டும் வாசல்ல கண்டா மிண்டாதோ?" என்றார். அவர் பாஷையில் உச்சை என்றால் மத்தியானம், மிண்டுவது என்றால் பேசுவது. நாங்கள் அப்போதும் பேசவில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுத வேண்டும், எப்போதிலிருந்து எவ்வளவு குறைந்தது என்று அளவு வேண்டும் என்றார். வாயை யார் அளந்து வைத்திருக்கிறார்கள்? நான் சொன்னேன், "எங்கிட்ட இருக்கு சிஸ்டர்."

கிரீச்சிலிருந்து சோற்றுச் சட்டியைக் கொண்டு வரச் சொன்னேன். எவர்சில்வர் தட்டில், ஆவணியிலிருந்து மாசி வரை மாதத்துக்கு ஒன்றாகக் கார்த்திகாவின் உருண்டையைப் பிடித்து வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டுதான் பிடித்தேன். ஏழு உருண்டை. கண் திறந்து பார்த்தேன். எலுமிச்சையில் தொடங்கிய வரிசை சுண்டைக்காயில் முடிந்தது. அந்தத் தட்டில் ஒரு வாய் மூடிக்கொண்டே வந்தது.

மேட்ரன் சிரிக்கவில்லை. ஸ்கேல் எடுத்து ஒவ்வொன்றாக அளந்து எழுதினார். ஐந்தாவதில் நிறுத்தினார்.

"இது எந்தா? கார்த்திகைல குறஞ்சு, மார்கழில கூடுது. பின்ன குறையுது. மார்கழில எந்தா நடந்தது?"

கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஜெயாவும் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தெரியாது சிஸ்டர்" என்றேன்.

என் வேலைக் காலத்தில் அந்த அம்மாவிடம் நான் சொன்ன ஒரே பொய் அது. அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

கோட்டயத்துக்கு ஜெயாவோடு என்னையும் அனுப்பினார். அங்கே பிள்ளைகளின் மூட்டுக்கென்றே ஒரு டாக்டரம்மா இருந்தார். குகை போன்ற மெஷினுக்குள் படுக்க வைத்துப் படம் எடுத்தார்கள். டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். பெரியவர்களுக்கு வருகிற மூட்டுவாதம் மாதிரி ஒன்று சின்னப் பிள்ளைகளுக்கும் வரும். உடம்புக்குக் காவல் நிற்கிற சக்தியே ஆள் தெரியாமல் மூட்டைத் தாக்கும். தாடைக்கும் மூட்டு உண்டு, காதுக்கு முன்னால். அங்கே வந்தால் பல பிள்ளைகளுக்கு வலியே தெரியாது. மோவாய் வளர்வதும் அந்த மூட்டிலிருந்துதான். மூட்டு கெட்டால் மோவாய் நின்றுவிடும். காலையில் இறுகும், அசைய அசைய இளகும். சில வாரம் தானாகத் தணிந்து மறுபடி ஏறும். கண்ணுக்குள்ளும் சத்தமில்லாமல் வரும், அதனால் கண்ணையும் விடாமல் காட்ட வேண்டும்.

நான் ஒன்று கேட்டேன். "இது எப்பத் தொடங்கியிருக்கும்மா? புரட்டாசியிலா?"

"இல்லை. அதற்கும் பல மாதம் முன்னால். தெரிய வந்ததுதான் அப்போது" என்றார்.

நான் கத்தினதால் வரவில்லை. நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. ஆனால் அவர் நிறுத்தவில்லை. படத்தில் இடது மூட்டைக் காட்டினார். "இரண்டு மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால் இந்த இடம் இவ்வளவு தேய்ந்திருக்காது" என்றார். இறங்கிய கல்லைவிடப் பெரியது ஏறிக்கொண்டது.

மூட்டுக்குள் ஊசி போட்டார்கள். வாரத்துக்கு ஒருநாள் மாத்திரை கொடுத்தார்கள். வெந்நீர்த் துணி ஒற்றி, வாயை மெல்லத் திறந்து மூடுகிற பயிற்சியை எனக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். பல வருஷம் பார்த்தார்கள். இப்போது கார்த்திகா மூணாறில் ஒரு ஹோட்டலில் வருகிறவர்களிடம் மூன்று பாஷையில் பேசிக்கொண்டிருக்கிறாள். வாய் நன்றாகவே திறக்கிறது, மூடத்தான் ஆள் இல்லை. மோவாய் மட்டும் சின்னது, கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்திருக்கும். போட்டோ எடுத்தால் வலது கன்னத்தைக் காட்டி நிற்பாள். அந்தச் சாய்வில் எழுபது நாள் என்னுடையது.

கோட்டயத்திலிருந்து திரும்பி வந்த பஸ்ஸில், அடிமாலி தாண்டியதும், ஜெயாவிடம் சொல்லிவிட்டேன். பிள்ளை அவள் மடியில் தூங்கியது. பூட்டைச் சொன்னேன், சாவியைச் சொன்னேன், மார்கழி உருண்டை ஏன் பெரிதாக இருந்தது என்றும் சொன்னேன். நான் தோண்டிய சமயத்தில் நோய் தானாகத் தணிந்திருந்ததால், இளகிய வாயைப் பார்த்து நான் அவிழ்த்ததாக நம்பிவிட்டேன் என்றேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்றும் நினைத்தேன்.

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீங்க தோண்டுனது எனக்குத் தெரியும்க்கா. ராசாத்தி சொன்னா."

"தெரியுமா? பெறகு ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"நீங்கதான் கட்டுனீகன்னு நெனச்சேன். மனசு எறங்கி அவுக்குதீகன்னு நெனச்சேன். பெறகும் காலைல வாய் தொறக்கல. இன்னும் கோவம் தீரலன்னு நெனச்சேன்."

"எங்கிட்ட சண்டைக்கு வந்திருக்கலாம்லட்டி!"

"வந்து, இன்னும் இறுக்கிட்டீகன்னா?"

"அப்படி நெனச்சவ எப்படிப் புள்ளய தெனமும் எங்கிட்ட விட்டுட்டுப் போன?" என்றேன்.

"வேற எங்க விட? பிரட்டு அடிச்சா மலைக்குப் போகணும்ல" என்றாள்.

எத்தனையோ தாய்மார் என் வாசலில் பிள்ளையை இறக்கிவிட்டு, தலை குனிந்து, ஒரு வார்த்தை பேசாமல் போயிருக்கிறார்கள். அதை மரியாதை என்று எண்ணி நிமிர்ந்து நடந்தவள் நான். பஸ் மேலே ஏற ஏற, அந்த முகங்களை ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் மத்தியானம் கொழுந்து நிறுத்துப் போட்டதும் ஜெயா சாப்பிடப் போகாமல் கிரீச்சுக்கு ஓடி வந்தாள். தாய்மார் அந்த நேரத்தில் வரக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். அவள் நிலைப்படியில் சாய்ந்து நின்று என் கையையே பார்த்தாள். ராசாத்தி என்னைப் பார்த்தாள், நான் விரட்டுவேன் என்று. நான் ஜெயா பார்க்கிற மாதிரி சட்டியைத் தள்ளி வைத்துக்கொண்டேன். கையை மறுபடி கழுவினேன். அவள் கண் முன்னால் உருண்டை பிடித்து, அவள் கண் முன்னால் ஊட்டினேன்.

மறுநாளும் வந்தாள். பங்குனி, சித்திரை, வைகாசி எல்லாம் வந்தாள். வந்து நிற்பாள், பார்ப்பாள், ஓடுவாள். நான் ஒரு நாளும் போகச் சொல்லவில்லை.

ஆனியில் ஒரு நாள் அவள் வரவில்லை. மழையா, வேலையா, இனிப் பார்க்க வேண்டாம் என்று நம்பிவிட்டாளா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. சோறு ஆறுகிற வரைக்கும் காத்திருந்துவிட்டு, வாசலைப் பார்த்துக்கொண்டே ஊட்டத் தொடங்கினேன்.